கையெழுத்துப் போடாத கேப்டன்

பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. விமான நிறுவனத்தில் மற்ற எல்லோருக்கும் அவள் 'நிதானம்'. காக்பிட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியதும் பக்கத்து இருக்கைத் துணை விமானியைப் பார்த்து, "நிதானமா போவோம், அவசரம் ஒண்ணும் இல்ல" என்பாள். வருஷக்கணக்காக இதைக் கேட்டவர்கள் பெயராகவே ஒட்டிவிட்டார்கள். "இன்னைக்கு யாரோட போற?" "நிதானத்தோட." "அப்ப வீட்டுல சொல்லிட்டு வா, லேட்டாகும்னு." உண்மையில் அவள் ஓட்டிய விமானங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது அபூர்வம். ஆனாலும் கேலி நின்றபாடில்லை. அவளும் கண்டுகொள்ளவில்லை.

அது பழைய நிறுவனம். விமானிகள் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. கதவு நசுங்கிய இரும்பு அலமாரிகள், பஞ்சு வெளியே எட்டிப்பார்க்கும் ஒரு சோபா, சத்தத்தைக் குறைத்து வானிலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் டிவி, முழுக்காசை விழுங்கிவிட்டு அரைக் கோப்பை காபி தரும் மிஷின். பறக்கப் போகிறவர்களும் பறந்து வந்தவர்களும் அந்தச் சோபாவில்தான் சந்தித்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் பேச்சு பிள்ளைகள் படிப்பு, முதுகுவலி, வீட்டுக் கூரை ஒழுகுவது என்று போகும். அந்த வருஷம் மூன்று விஷயங்களைத் தவிர வேறு பேச்சே கிடையாது. சம்பளம் ஒன்று. மஞ்சள் வால் இன்னொன்று. மூன்றாவது, வெளிநாட்டுக்காரன்.

மஞ்சள் வால் என்பது புதிதாக முளைத்த விமான நிறுவனம். அதற்கு முன் செல்போன் வியாபாரம் செய்துகொண்டிருந்த நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கியது. வாடகைக்கு எடுத்த விமானங்களின் வாலில் மஞ்சள் பூசி, பாதி விலைக்கு டிக்கெட் விற்றார்கள். வெளிநாட்டுக்காரன் என்று அவர்கள் சொன்னது வேறு நாட்டு விமான நிறுவனம் ஒன்றை; இன்னும் பெரிய ஆள். அவனுக்குக் கூடுதல் விமானங்களை இறக்கிக்கொள்ள அரசாங்கம் அனுமதி கொடுத்திருந்தது. இந்த இரண்டு பேரையும் காட்டித்தான் நிர்வாகம், "இப்படியே போனால் தாக்குப்பிடிக்க முடியாது, சம்பளத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்" என்று ஜாடைமாடையாகச் சொல்லத் தொடங்கியது.

விமானிகள் சங்கத்தின் தலைவர் வாட்டசாட்டமான ஒரு மூத்த கேப்டன். அவரை எல்லோரும் 'தலைவர்' என்றே கூப்பிட்டார்கள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். "அவன் பாதி டிக்கெட்டுக்குப் பறக்குறான்னா மீதிய யார் குடுக்குறா?" என்று சோபாவில் சாய்ந்தபடி கேட்பார். யாரும் பதில் சொல்வதற்கு முன் அவரே சொல்வார். "அவனோட பைலட் குடுக்குறான். தூக்கத்துல குடுக்குறான். லீவுல குடுக்குறான். இப்ப நம்மளையும் குடுங்கன்னு கேக்குறான்."

நிதானத்துக்கு அவரிடம் தனி மரியாதை இருந்தது. பல வருஷங்களுக்கு முன் அவள் முதல் குழந்தையைச் சுமந்தபோது, பறக்க முடியாத மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது என்றது நிறுவனம். கர்ப்பமான விமானி என்ற ஒன்றை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை. தலைவர் போய் நிர்வாக அறையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வெளியே வரும்போது, தரையில் வேலையும் முழுச் சம்பளமும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் வந்தார். பிறகு ஒருநாளும் அதை அவளிடம் சொல்லிக்காட்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், மஞ்சள் வாலில் அவளுடைய தம்பி இருந்தான்.

தம்பியும் பழைய நிறுவனத்தில்தான் துணை விமானியாகச் சேர்ந்தான். கேப்டன் ஆவது அங்கே வரிசைப்படி. முன்னால் இருப்பவர் ஓய்வு பெற்றாலோ, புது விமானம் வாங்கினாலோதான் வரிசை நகரும். யாரும் ஓய்வு பெறவில்லை; நிறுவனம் விமானம் வாங்கவும் இல்லை. தம்பிக்கு முன்தலை வழுக்கை விழத் தொடங்கியபோதும் அவன் துணை விமானிக்கான வலப்பக்க இருக்கையில்தான் இருந்தான். மஞ்சள் வால் கூப்பிட்டதும் போய்விட்டான். மறு வருஷமே கேப்டன்.

விடுமுறை கிடைக்கும் ஞாயிறுகளில் அவன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். அவளுடைய கணவர் பல் டாக்டர். அக்காவும் தம்பியும் பேசத் தொடங்கினால், நடுவில் மாட்டிக்கொண்ட நோயாளியைப் போல வாயைத் திறந்தபடி இரண்டு பக்கமும் பார்ப்பார்.

"உங்க ஆளுங்க என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க அக்கா" என்றான் ஒரு ஞாயிறு. "லிஃப்டுல ஒருத்தர், நான் ஏறினதும் இறங்கிட்டாரு. அவரு போக வேண்டியது நாலாவது மாடி."

"நீ அவங்க சம்பளத்தக் கொறச்சுட்டன்னு நினைக்கிறாங்க."

"நானா கொறச்சேன்? எனக்கு எப்பக்கா கேப்டன் சீட்டு குடுத்திருப்பாங்க? நான் ரிட்டயர் ஆகுற அன்னைக்கு, மாலையோட சேர்த்தா?"

"சரிடா, நீ போனது தப்புன்னு நான் சொல்லல. ஆனா எங்களைவிடக் கம்மி சம்பளத்துக்கு எங்களைவிட அதிகமா பறக்குற. அதைக் காட்டி எங்ககிட்ட கேப்பாங்கல்ல?"

தம்பி தட்டைத் தள்ளிவைத்தான். "அப்ப எனக்கு அதிகமா வாங்கிக் குடுக்கச் சொல்லு உங்க சங்கத்த. நான் வேணாம்னா சொன்னேன்?"

சங்கத்தில் பழைய நிறுவனத்து விமானிகள் மட்டும்தான் உறுப்பினராக முடியும். மஞ்சள் வாலுக்குப் போன அன்றே அவன் பெயரை எடுத்துவிட்டார்கள்.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். நிதானம் நகரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. இறங்குவதற்கு ஒன்றும் தடையில்லை. சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டன. பிரேக்கை மிதித்தாள். பிடிக்கவில்லை. விமானம் தரையில் ஓடாமல் தண்ணீர்மேல் மிதந்து போனது. மூக்கு மெல்ல இடப்பக்கம் திரும்பியது. அவள் காலை எடுக்காமல், கைகளை அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். காத்திருப்பதைத் தவிரச் செய்வதற்கு அதிகம் இல்லை. பாதையின் கடைசிப் பகுதியில் எங்கோ டயர் தரையைக் கவ்வியது. உடம்பு முன்னால் தள்ளப்பட்டது. விமானம் நின்றது.

பாதையை விட்டு விலகும் கடைசி வளைவில் திரும்பியதுமே கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னாள்: ஓடுபாதையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை. கோபுரம் அதை அடுத்த விமானத்துக்குத் திருப்பிச் சொல்லத் தொடங்கியது. அதற்குள் அந்த விமானம் தரையைத் தொட்டுவிட்டது. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். மஞ்சள் வால் ஒன்று தண்ணீரை இரண்டு பக்கமும் வாரியிறைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனது. பாதை முடிந்தது, விமானம் நிற்கவில்லை. புல்தரைக்குள் போய், ஒரு சக்கரம் சேற்றில் புதைந்து, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

கதவுகளிலிருந்து அவசரச் சறுக்குகள் விரிந்து பயணிகள் மழையில் வரிசையாக இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கியதைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டியவர் தம்பி இல்லை. அவள் முகம் மட்டும் அறிந்த வேறொரு கேப்டன்.

துணை விமானி அவள் பக்கம் திரும்பினான். "மேடம், அது நாமளா இருந்திருக்கலாம்."

"ஆமா" என்றாள்.

நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு அன்றே நடந்ததை எழுதிக் கொடுத்தாள். ஆனால் செய்தித்தாள்களுக்குத் தெரிந்ததெல்லாம் புல்லில் சாய்ந்து கிடந்த மஞ்சள் வாலின் படம்தான். எல்லாவற்றிலும் முதல் பக்கம். அதே வாரம் நிர்வாகம் சம்பளக் குறைப்பை வெளிப்படையாக அறிவித்தது. சின்ன வெட்டு இல்லை. வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள் அலமாரியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்ற அளவுக்குப் பெரிய வெட்டு.

தலைவர் அவளைச் சங்க அலுவலகத்துக்கு வரச்சொன்னார். விமான நிலையச் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறை அது. கீழே மிஷின் ஓடும்போதெல்லாம் மேஜை லேசாக அதிரும். அவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பத்திரிகைகளுக்கான அறிக்கை. மலிவு நிறுவனங்கள், அனுபவமில்லாத, களைத்துப்போன விமானிகளை வைத்துப் பயணிகளின் உயிரோடு விளையாடுகின்றன; அன்றைய விபத்தே அதற்குச் சாட்சி என்றது அறிக்கை.

"நீ நம்ம சங்கத்தோட பாதுகாப்புக் குழுவுல இருக்க. உன் கையெழுத்து இருந்தா நம்புவாங்க" என்றார்.

அவள் இரண்டு முறை படித்தாள். "சார், அன்னைக்கு நானும் வழுக்கினேன்."

"தெரியும். கேள்விப்பட்டேன். ஆனா நீ நிறுத்தின, அவன் நிறுத்தல. அதுதானே வித்தியாசம்?"

"நான் நிறுத்தல சார். அதுவா நின்னுச்சு."

தலைவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கோபப்படவில்லை. "இங்க பாரும்மா. நமக்குக் கத்தி தீட்டிட்டு இருக்காங்க. ஜனங்க நம்ம பக்கம் இல்ல. ஏசி ரூம்ல உக்காந்து கொழுத்த சம்பளம் வாங்குறவன், இவனுக்கு என்ன கேடுன்னு கேக்குறாங்க. பயம் ஒண்ணுதான் அவங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். நான் சந்தோஷமாவா இத எழுதினேன்?"

"அந்த கேப்டனுக்குக் குடும்பம் இருக்கும்ல சார்."

"நம்ம எல்லாருக்கும்தான் இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தாள். கர்ப்ப காலத்துச் சம்பளத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பக்கத்துத் தெரு டாக்டர் பல்லக் கெடுத்துட்டாருன்னு எங்கிட்ட தெனமும் ஒருத்தர் வந்து சொல்றாங்க. பாதிப்பேருக்கு அவர் தொடுறதுக்கு முன்னாடியே பல்லு போயிருக்கும். ஆமான்னு தலையாட்டினா எனக்கு ஒரு நோயாளி கூடும்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வாயைத் திறங்கன்னு சொல்லுவேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "உன் தம்பிக்காகத்தான் மாட்டேங்குறேன்னு சொல்லுவாங்க. அதுக்குத் தயாரா இருந்துக்கோ" என்றார்.

அந்த வாரம் முழுவதும் அவள் மனசில் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு எதற்காகச் சம்பளம் தருகிறார்கள்? பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே நடப்பதில்லை. ஏறுகிறோம், இறங்குகிறோம். யாரோ ஒருவர் வாசலில் நன்றி சொல்கிறார். பலர் செல்போனைப் பார்த்தபடி போய்விடுகிறார்கள். எப்போதோ ஒருநாள் பிரேக் பிடிக்காமல் போகிறது. அந்த ஒரு நாளில் கையும் காலும் பதறாமல் இருப்பதற்காகத்தான் மற்ற நாட்களின் சம்பளம். அப்படியென்றால் அந்த நாளில் நடந்ததைத் திரித்துச் சொல்லிவிட்டு, எந்த வாயால் சம்பளம் கேட்பது?

சங்கக் கூட்டம் ஒரு வாடகைக் கூடத்தில் நடந்தது. மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே தலைவர் அறிக்கையை வாசித்தார். கைதட்டல் அடங்கியதும் நிதானம் எழுந்தாள். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்குப் பின்னாடி வந்ததாலதான் அவர் போட்டோ பேப்பர்ல வந்துச்சு. நான் அவருக்குப் பின்னாடி வந்திருந்தா என் போட்டோ வந்திருக்கும். ரன்வேல தண்ணி நின்னுச்சு. அது மஞ்சள் வாலா, நம்மளதான்னு பார்த்து வழுக்கல." அவள் நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள். "சம்பளத்த வெட்டக்கூடாதுன்னு நானும் சொல்றேன். வேலைநிறுத்தம்னா முதல் ஆளா வாசல்ல நிப்பேன். நம்ம வேலைக்கு மதிப்பு இருக்குன்னு சொல்லிக் கேப்போம். அதுக்கு இன்னொரு பைலட்டக் கொலகாரன்னு சொல்லணுமா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "உங்க தம்பி அங்க இருக்கான். உங்களுக்கு வலிக்கத்தான் செய்யும்."

சிலர் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமா, இருக்கான். உங்க தம்பி இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அறிக்கைக்குக் கைகள் உயர்ந்தன. அவளுடையது மடியில் இருந்தது. வேலைநிறுத்தத்துக்குக் கைகள் உயர்ந்தன. அவளும் உயர்த்தினாள். தலைவர் மேடையிலிருந்து அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தாளை மடித்தார். அதன்பின் வெகுகாலம் அவர் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

வேலைநிறுத்தம் ஒரு வாரத்தைத் தாண்டியது. சொன்னபடி அவள் தினமும் விமான நிலைய வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நிற்பவர்கள் அவளிடம் பேசாமலேயே தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மஞ்சள் வாலின் ஊழியர் பஸ் அவர்களைக் கடந்து உள்ளே போகும்போதெல்லாம் கூச்சல் எழும். அதில் ஒருநாள் ஜன்னலோரம் தம்பி இருந்தான். பழைய நிறுவனத்தின் பயணிகளையும் சேர்த்துச் சுமப்பதால் அவர்களுக்கு இரட்டை வேலை. கண்ணுக்குக் கீழே கருவளையம். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அட்டையை இறக்கவில்லை. அவனும் முகத்தைத் திருப்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் செல்போன் அடித்தது.

"அக்கா, தொப்பி போட்டுக்கோ. உனக்கு வெயில் ஒத்துக்காது."

"நீ தூங்கினியாடா?"

"எங்க தூங்குறது" என்றான். "உங்க ஸ்ட்ரைக் சீக்கிரம் முடிஞ்சா தூங்குவேன்."

வெட்டு பாதியாகக் குறைந்ததும் வேலைநிறுத்தம் முடிந்தது. வெற்றி என்று சிலர் சொன்னார்கள். யார் முகத்திலும் அது தெரியவில்லை. மாதங்கள் கழித்து, ஓடுபாதையின் வடிகால் அடைத்துக் கிடந்ததுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. அந்தச் செய்தி ஒரு மூலையில் வந்தது. அந்த கேப்டன் அதற்குள் வேலையை விட்டுவிட்டார். அவர் பிள்ளைகளைப் பள்ளியில் கேலி செய்தார்களாம். நிதானம் அவர் எண்ணை எப்படியோ வாங்கி இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மஞ்சள் வாலைக் கொன்றது பழைய நிறுவனமும் இல்லை, சங்கத்தின் அறிக்கையும் இல்லை. வெளிநாட்டுக்காரன் அதே ஊர்களுக்கு அதைவிடப் பெரிய விமானங்களை அதைவிட மலிவாக விட்டான். நஷ்டத்தை வருஷக்கணக்கில் தாங்க அவனால் முடிந்தது. செல்போன் வியாபாரிகளால் முடியவில்லை. ஒரு காலை, பயணிகள் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, எரிபொருள் லாரி தம்பியின் விமானத்துக்கு அருகில் வந்து நின்றுவிட்டு, குழாயை மாட்டாமலே திரும்பிப் போனது. பாக்கி கட்டவில்லையாம். தம்பி அலுவலகத்துக்குப் போன் செய்தான், யாரும் எடுக்கவில்லை. ஒலிபெருக்கியில் சொல்ல மனம் வராமல் காக்பிட்டிலிருந்து வெளியே வந்து, நடைபாதையில் நின்றுகொண்டு, "இந்த விமானம் போகாது, மன்னிச்சுக்கோங்க" என்றான். எல்லோரும் இறங்கும்வரை வாசலில் நின்றான். சிலர் திட்டினார்கள். ஒரு கிழவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதுதான் அவனைக் கலங்கடித்தது என்று பின்னால் அக்காவிடம் சொன்னான்.

வெளிநாட்டுக்காரன் ஆள் எடுத்தான். தம்பியைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நேர்முகத் தேர்வுக்கு நிதானமே காரில் கூட்டிப் போனாள். கண்ணாடிச் சுவர்களும் குளிர்ந்த தரையுமாக ஒரு கட்டிடம். காத்திருக்கும் இடத்தில் நீளமான பெஞ்சு. அதன் ஓரத்தில், மடியில் சான்றிதழ் ஃபைலை வைத்துக்கொண்டு, டை கட்டிய ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். தலைவர். பழைய நிறுவனம் பெரிய விமானங்களை விற்றபோது அவற்றை ஓட்டியவர்களையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. "சின்னவளுக்குப் படிப்பு இன்னும் முடியல" என்றார், யாரும் கேட்காமலே.

தம்பி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "ரெண்டு இருக்கையும் ஒரே காக்பிட்டுல கிடைச்சா நல்லாருக்கும் சார். நீங்க எடது பக்கம், நான் வலது பக்கம். எனக்குப் பழக்கம்தான்."

தலைவர் சிரிக்க முயன்றார். பிறகு நிதானத்தைப் பார்த்து, அவருடைய பழைய குரலில் பாதிகூட இல்லாத குரலில் சொன்னார். "மஞ்சள் வாலப் பத்தி நான் குடுத்த அறிக்கைய இவங்களும் படிச்சிருப்பாங்க. கேட்டா என்ன சொல்றதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன்."

"தப்புன்னு சொல்லிடுங்க சார்."

"இவங்ககிட்ட சொல்லி என்னம்மா பிரயோஜனம்" என்றவர், தம்பியின் பக்கம் திரும்பினார். அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே கூப்பிடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பிக்கு வேலை கிடைத்தது. வயதைக் காரணம் காட்டித் தலைவரை எடுக்கவில்லை. இப்போது அவர் ஒரு பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுக்கிறார்.

அடுத்த சங்கத் தேர்தலில் நிற்க ஆளில்லாமல் நிதானத்தைச் செயலாளர் ஆக்கினார்கள். அவள் கொண்டுவந்த முதல் தீர்மானம், விமானம் ஓட்டும் யாரும், எந்த நிறுவனத்தில் இருந்தாலும், உறுப்பினராகலாம் என்பது. "எதிரியக் கூப்பிட்டு நடுவீட்டுல உக்கார வைக்கிறீங்க" என்றார்கள். இரண்டு கூட்டங்களில் தோற்று மூன்றாவதில், ஒன்றிரண்டு கைகள் வித்தியாசத்தில், அது நிறைவேறியது. தீர்மானத்தை எழுதிக் கொடுத்தது தலைவர் என்பது பலருக்குத் தெரியாது.

புதிய சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து தம்பியோடு சேர்த்து ஒரு சிலரே வந்தார்கள். சங்கத்தில் சேரக்கூடாது என்று அவர்களுடைய ஒப்பந்தத்தில் இருந்தது. அவர்களில் ஒருவர் வேற்று நாட்டுக்காரர். வெளுத்த புருவங்களும் சுருங்கிய சட்டையுமாகக் கதவோரம் உட்கார்ந்திருந்தார். பேச்சு எல்லாம் சம்பளத்தைப் பற்றித்தான். வெளிநாட்டுக்காரன் நம் சோற்றில் மண் போட்டுவிட்டான் என்று ஒருவர் ஆவேசமாகப் பேச, தம்பி அதை வேற்று நாட்டுக்காரரின் காதில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவர் கையை உயர்த்தினார். நிதானம் தலையசைத்தாள். அவர் எழுந்து, பலருக்குப் பிடிபடாத உச்சரிப்பில், ஆங்கிலச் சொற்களைத் தேடித்தேடிச் சிறிது நேரம் பேசினார். முடித்ததும் எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள்.

தம்பி தமிழில் சொன்னான். "அவர் ஊர்ல அவர் சம்பளத்த வெட்டினப்ப, நிர்வாகம் நம்மளைத்தான் காட்டுச்சாம். அந்த நாட்டுல பைலட்டுங்க இதவிடக் கம்மிக்கு ஓட்டுறாங்கன்னு. அதனாலதான் வேலைய விட்டுட்டு இங்க வந்தாராம். நம்ம எல்லாம் எப்படி இருப்போம்னு பார்க்கணும்னு அவருக்கு ரொம்ப நாளா ஆசையாம்."

ஆவேசமாகப் பேசியவர் நின்றபடியே இருந்தார். எங்கே விட்டார் என்பது அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். கடைசியில் அவர் தன் பக்கத்திலிருந்த காலி நாற்காலியை இழுத்து முன்னால் போட்டு, கதவோரம் நின்றவரைப் பார்த்து, இங்கே வந்து உட்காருங்கள் என்று கையைக் காட்டினார்.